நாலில் இரண்டு கள்ள முட்டை

மலேலே பிறந்தபோது காலைத்தான் முதலில் நீட்டினாளாம். தாயும் பிள்ளையும் பிழைத்ததே பெரிய காரியம் என்று, அதிசயம் எனப் பொருள்படும் அந்தப் பெயரை வைத்தார்கள். அதற்குப் பிறகு முப்பத்தெட்டு வருஷம் அவள் வாழ்க்கையில் அப்படிச் சொல்லும்படி ஒன்றும் நடக்கவில்லை. நாலாம் வகுப்போடு படிப்பு நின்றது. பத்தொன்பது வயதில் முன்சாகாவைக் கட்டிக்கொண்டாள். மூன்று பிள்ளைகள். மூத்தவள் த்வாம்போ பிறந்த நாளிலிருந்து ஊரில் யாரும் அவளைப் பேர் சொல்லிக் கூப்பிடுவதில்லை; த்வாம்போ அம்மா, அவ்வளவுதான். புருஷன் டிராக்டர் ஓட்டினான். அவள் சோமா நகரத்துக்குத் தெற்கே உள்ள புகையிலைத் தோட்டங்களில் களை எடுத்தாள், உலர்ந்த இலையைத் தரம் பிரித்தாள்.

வீட்டுக்கும் அடிகுழாய்க்கும் நடுவில் பெரிய தரிசு ஒன்று. ஒரு காலத்தில் புகையிலை போட்டு, மண் களைத்துப்போய், கைவிட்ட நிலம். மழை தொடங்கினால் புல் இடுப்புக்கு மேல் வளர்ந்துவிடும். தினமும் விடிந்ததும் குடத்தைத் தலையில் வைத்துக்கொண்டு அதற்குள்தான் போய்வருவாள். அந்தப் புல்லில் கதிர்க்குருவிகள் கூடு கட்டும். கட்டைவிரல் பருமன்கூட இருக்காது அந்தக் குருவி. உயிரோடு நிற்கும் புல் தாளையே ஊசி நூல் கோத்ததுபோலத் தைத்து, சுருக்குப்பை மாதிரி ஒரு கூடு. பக்கத்தில் ஒரு சின்ன வாசல்.

முதலில் சும்மா வேடிக்கைதான் பார்த்தாள். எட்டிப் பார்த்தால் ஒரு கூட்டில் வான நீலத்தில் முட்டை, பத்தடி தள்ளி இன்னொன்றில் செங்கல் நிறத்தில் முட்டை, அதற்கடுத்ததில் பாசி நிறம். எல்லாம் ஒரே இனக் குருவி. இரண்டு மூன்று மழைக்காலம் போனதும் ஒரு விஷயம் பிடிபட்டது. நீலம் இடுகிறவள் எப்போதும் நீலம்தான் இடுவாள். அவள் முட்டை மேல் ஓடும் புள்ளியும் கோடும்கூட மாறாது. பக்கத்து வீட்டுக்காரிகளை அடையாளம் தெரிவதுபோல அவளுக்கு ஒவ்வொரு தாய்க்குருவியையும் முட்டையை வைத்தே தெரிந்துபோயிற்று.

அப்புறம்தான் கள்ளியைக் கண்டாள். கோடு போட்ட பழுப்பு நிறத்தில், ஊரில் நூறு பறக்கும் தூக்கணாங்குருவிப் பெட்டைகளில் ஒன்று மாதிரி, யாரும் சந்தேகப்படாத முகம். அதன் ஆண் மட்டும் நல்ல மஞ்சள். அந்தப் பெட்டை கதிர்க்குருவி கூட்டுக்குள் நுழைந்தது, வெளியே வந்தது. வாயில் ஒரு நீல முட்டை இருந்தது. மலேலே குடத்தை இறக்கி வைத்துவிட்டுக் கூட்டுக்குள் பார்த்தாள். முட்டை எண்ணிக்கை குறையவில்லை. ஒன்றை எடுத்துவிட்டுத் தன்னுடையதை வைத்துவிட்டுப் போயிருந்தது. மறுநாள் காலையில் கதிர்க்குருவி அந்த வேற்று முட்டையை அலகால் குத்தித் தூக்கி வெளியே போட்டதையும் பார்த்தாள். நிறம் பொருந்தாமல் போன நாளில் தாய் கண்டுபிடித்துவிடும். பொருந்திவிட்ட நாளில் ஏமாந்துபோய் அடைகாக்கும். பொரிந்து வரும் கள்ளக் குஞ்சு பெரிய உடம்பு. ஊட்டுகிற தீனியெல்லாம் அதற்கே போகும், சொந்தக் குஞ்சுகள் நாலே நாளில் பட்டினியில் சாகும்.

இதை அவள் வீட்டில் சொன்னபோது முன்சாகா களியை உருட்டியபடி கேட்டான்.

"இதுக்காகவா தண்ணி வர இவ்வளவு நேரம்?"

"ஆமா."

"திங்கவும் முடியாத முட்டை."

"உன் டிராக்டரைக்கூடத்தான் திங்க முடியாது. நாள் பூரா அதுக்கு அடியில படுத்துக் கெடக்கறியே."

அவன் அதோடு விட்டுவிட்டான். ஆனால் தோட்டத்துப் பெண்கள் விடவில்லை. த்வாம்போ அம்மா குருவிக்குப் பிரசவம் பார்க்கிறாள் என்று வரிசை முழுக்கச் சிரிப்பு.

அந்த வருஷம் ஜனவரியில் தலைநகர் லுசாகாவிலிருந்து டாக்டர் லிசேலி வந்து, பாழடைந்த தோட்ட வீட்டைச் சுற்றிக் கூடாரம் போட்டாள். முப்பது வயதைத் தாண்டியவள், மெலிந்த உடம்பு, எப்போதும் கழுத்தில் தொலைநோக்கி. கள்ளக் குருவியைப் பற்றித்தான் ஆராய்ச்சி. அது அவளுக்கு நாலாவது மழைக்காலம். கூடு தேட உள்ளூர் ஆண்கள் ஆறு பேர். அவர்களுக்குத் தலைவர் ஹமலம்போ. பத்து வருஷமாக, வந்த பறவைக்காரர்களுக்கெல்லாம் கூடு தேடிக் கொடுத்தவர்; காக்கி அரைக்கால் சட்டையும், புல்லை விலக்க ஒரு நீளக் கோலும், மேல்பையில் இரண்டு பேனாவும்.

ஆள் எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு மலேலே போய் நின்றாள். ஹமலம்போ அவளைப் பார்க்காமல் டாக்டரிடம் பேசினார்.

"பொம்பளைங்க வேண்டாம் டாக்டர். புல்லுக்குள்ள புடையன் பாம்பு கெடக்கும். ஒண்ணைப் பாத்தா இவங்க போடற சத்தத்துல குருவியெல்லாம் கலோமோ டவுனுக்குப் பறந்துடும்."

"ஐயா, தலையில குடத்தோட, வெறுங்கால்ல பதினெட்டு வருஷமா அதுக்குள்ளதான் நடக்கறேன்," என்றாள் மலேலே. "நீங்க பூட்ஸு போட்டுக்கிட்டுத்தானே வர்றீங்க."

லிசேலி எழுதுவதை நிறுத்திவிட்டு நிமிர்ந்தாள். "உங்களுக்கு எத்தனை கூடு தெரியும் அக்கா?"

"எதைக் கேக்கறீங்க? இன்னிக்கு முட்டை இருக்கறதா, குஞ்சு இருக்கறதா, நேத்துப் பாம்பு தின்னுட்டுப் போனதா?"

அன்று மத்தியானத்துக்குள் அவள் பதினேழு கூடு காட்டினாள். ஆறு ஆண்கள் ஒரு வாரத்தில் கண்டதைவிட மூன்று அதிகம். திரும்பி வரும்போது மலேலே கேட்டாள்.

"டாக்டரம்மா, பேரைப் பாத்தா லோசி ஜனம் மாதிரி இருக்கு."

"ஆமா. மோங்கு பக்கம்."

"அப்ப டோங்காக்காரி எனக்கு நீங்க மாமன் மக முறை, ரெண்டு ஜனமும் கேலி பேசிக்கலாம். இனிமே மரியாதை கெடையாது. வருஷா வருஷம் வெள்ளம் வந்ததும் சட்டி பானையைத் தூக்கிட்டு ஓடற கூட்டம்தானே நீங்க."

லிசேலி கொஞ்சமும் தாமதிக்கவில்லை. "நாங்க பானைக்காவது ஓடுவோம் மச்சினி. நீங்க டோங்கா ஜனம், மாடு செத்தா ஒரு வாரம் அழுவீங்க, புருஷன் செத்தா மத்தியானம் வரைக்கும்."

"மத்தியானம் வரைக்குமா? யார் சொன்னா? மாட்டை ஓட்டிட்டுப் போற நேரம் வந்தா அதுக்கு முன்னாலயே எந்திரிச்சிடுவோம்."

மறுநாள் அவள் வேலைக்குச் சேர்ந்தாள். வேகமாக எழுத வராததால் அவள் சொல்லச் சொல்ல வேறு ஒருவர் குறிப்பேட்டில் எழுதினார்.

வெள்ளிக்கிழமைதோறும் எல்லோரும் பெரிய கூடாரத்தில் கூடி, அந்த வாரத்துக் கூடுகளை ஒவ்வொன்றாகப் பேசுவார்கள். பிப்ரவரி முதல் வெள்ளியில் நாற்பத்தேழாம் நம்பர் கூடு வந்தது. ஹமலம்போவே கண்டுபிடித்த கூடு. நாலு முட்டை, எல்லாம் கதிர்க்குருவியுடையது, கள்ள முட்டை இல்லை என்று அவர் கையெழுத்தில் இருந்தது. முட்டைகளின் படம் மேசை மேல் கிடந்தது. வெளிர் நீலம், மேலே பழுப்புப் புள்ளிகள். நாலும் ஒன்றுபோல.

"அதுல ரெண்டு கள்ளியோடது," என்றாள் மலேலே.

கூடாரத்தில் யாரோ சிரித்தார்கள். ஹமலம்போ பேனாவை மூடினார்.

"நெறம் ஒண்ணு. அளவு ஒண்ணு. பெத்தவளே ஒத்துக்கிட்டு அடைகாக்கறா. உனக்கு என்னம்மா வழக்கு?"

"அவளுக்குக் கண் தப்பிடுச்சு. எனக்குத் தப்பலைங்க ஐயா." அவள் படத்தின் மேல் குனிந்தாள். "ஒண்ணாம் நம்பரும் நாலாம் நம்பரும் பாருங்க. முடி மாதிரி கறுப்புக் கோடு, சுருண்டு சுருண்டு ஓடுது. அந்தத் தாய்க்கு அதான் பழக்கம், போன வருஷமும் அப்படித்தான் இட்டா. ரெண்டும் மூணும் பாருங்க. புள்ளி தெளிச்சிருக்கு, கோடு ஒண்ணுகூட இல்ல. கள்ளிக்கு நெறம் போட வரும், புள்ளி வைக்க வரும். இந்தக் கிறுக்கல் மட்டும் வராது."

லிசேலி பூதக்கண்ணாடியை எடுத்துக்கொண்டாள். நெடுநேரம் பார்த்தாள். "எனக்கு இது நிச்சயமாத் தெரியலை அக்கா. கோடு போடாத கதிர்க்குருவியும் உண்டு. குஞ்சோட ரத்தம் எடுத்து அனுப்பினாலும் பதில் வர மாசக்கணக்காகும். பொரியற வரைக்கும் காத்திருப்போம், குஞ்சைப் பாத்தாலே தெரிஞ்சுடும்."

"பொரிஞ்சு, இந்தம்மா சொன்னபடியே இருந்தா," என்றார் ஹமலம்போ, "இதே எடத்துல எல்லார் முன்னாடியும் நான் தப்புன்னு சொல்றேன். இல்லேன்னா?"

"இல்லேன்னா நான் இலை பிரிக்கப் போறேன்," என்றாள் மலேலே. லிசேலி வேண்டாம் என்று கையை அசைத்தாள். அதற்குள் சொல்லியாயிற்று.

வீட்டுக்கு வரும் வழியில்தான் அவள் கணக்குப் போட்டுப் பார்த்தாள். புல்லுக்குள் கட்டும் பத்துக் கூட்டில் ஆறு ஏழு பாம்புக்கும் கீரிக்கும் போய்விடும். அந்தக் கூடு பாதியில் அழிந்தால் அவள் சொன்னது மெய்யா பொய்யா என்பதே தெரியாமல் போகும். ஊர் அதைப் பொய் என்றுதான் வைத்துக்கொள்ளும்.

அடுத்த நாளே இடையூறு வந்தது, பாம்பாக அல்ல. நாற்பத்தேழாம் நம்பர் இருந்த தரிசு சியாமச்சோகாவுக்குச் சொந்தம். முப்பது மாடுகளுக்குச் சொந்தக்காரர், அந்தப் பக்கத்தில் மதிப்பான மனிதர். மாடுகளை ஓட்டிக்கொண்டு நேரே அந்தப் புல்லை நோக்கி வந்துகொண்டிருந்தார். மலேலே ஓடிப்போய் முன்னால் நின்றாள்.

"வணக்கம் பெரியவரே. அந்த மூலையில மட்டும் பத்து நாளைக்கு மேய்க்காம இருக்க முடியுமா?"

"ஏன்? மூலையில என்ன பொதைச்சு வச்சிருக்கே?"

"ஒரு குருவிக்கூடு."

சியாமச்சோகா முன்னால் நின்ற காளையைப் பார்த்தார், பிறகு அவளைப் பார்த்தார். "ஒரு குருவிக்காக என் மாடு சுத்திப் போகணுமா?"

"ஒரு குருவின்னா கேக்க மாட்டேன். அதுல ரெண்டு குருவியோட பிள்ளைங்க கெடக்கு. யாரோட கண்ணு நிஜம்னு ஒரு வழக்கு நடக்குது."

வழக்கு என்றதும் அவருக்கு ஆசை வந்துவிட்டது. என்ன, யாருக்கும் யாருக்கும், சாட்சி யார் என்று விசாரித்தார். தாய்க்குருவி தீனிக்குப் போயிருந்த நேரத்தில் அவள் அவரைக் கூட்டிப்போய், குச்சியில் கட்டிய சின்னக் கண்ணாடியைப் பிடித்து உள்ளே காட்டினாள். அவர் மூச்சை அடக்கிக்கொண்டு பார்த்தார்.

"எனக்கு நாலும் ஒண்ணாத்தான் தெரியுது."

"உங்க முப்பது மாடும் எனக்கு ஒண்ணாத்தான் தெரியுது."

அந்த ஒரு வார்த்தையில் மனிதர் வழிக்கு வந்துவிட்டார். தம் மாடுகளில் எந்த இரண்டும் ஒன்றல்ல என்று அவருக்குத் தெரியும்; கண்ணை மூடிக்கொண்டு கழுத்துத் தோலைத் தடவியே பேர் சொல்வார். அன்றிலிருந்து மாடுகள் சுற்றிப் போயின. அவரும் தினமும் ஒரு தரம் வந்து, தூரத்தில் நின்று, "இருக்கா?" என்று கேட்டுவிட்டுப் போனார்.

ஆறாம் நாள் மத்தியானம் ஆலங்கட்டி மழை பிடித்தது. சோளத் தட்டையெல்லாம் மடங்கியது. கூரைத் தகரத்தில் விழுந்த சத்தத்தில் மலேலேவுக்கு வேறெதுவும் காதில் ஏறவில்லை. மழை விட்டதும் சேற்றில் ஓடினாள். புல் முழுதும் ஒரு பக்கமாகச் சாய்ந்து படுத்திருந்தது. கூடும் சாய்ந்திருந்தது, ஆனால் தைத்த தாள் ஒன்றும் விடவில்லை. வாசலில் நனைந்த வால் ஒன்று நீட்டிக்கொண்டிருந்தது. அந்தக் கட்டைவிரல் குருவி கல்மழை முழுவதையும் தன் முதுகில் வாங்கிக்கொண்டு உள்ளேயே உட்கார்ந்திருந்தது. மலேலே அதைத் தொடாமல், சத்தம் போடாமல், பின்னோக்கியே நடந்து வந்துவிட்டாள். கொஞ்சம் தள்ளி வந்த பிறகு இடுப்புத் துணியில் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

பத்தாம் நாள் காலை கூட்டைச் சுற்றி, தூரமாக, எட்டுப் பேர் நின்றார்கள். முன்சாகா டிராக்டரைச் சாலையில் விட்டுவிட்டு வந்திருந்தான். தாய் பறந்து போனதும் லிசேலி மட்டும் கூட்டை நெருங்கிக் கண்ணாடியைப் பிடித்தாள்.

"ஒண்ணு பொரிஞ்சிருக்கு," என்றாள் மெதுவாக. "மூணாம் நம்பர் காணோம்."

"எது முதல்ல பொரிஞ்சா என்ன," என்றார் ஹமலம்போ. "ஏதோ ஒண்ணு முந்தத்தான் செய்யும்."

லிசேலி குஞ்சை உள்ளங்கையில் எடுத்தாள். கண் திறக்காத வெற்றுத் தசை. தீனி என்று நினைத்து வாயைத் திறந்தது. கதிர்க்குருவிக் குஞ்சானால் நாக்கில் இரண்டு கறுப்புப் புள்ளி இருக்கும். அது அங்கிருந்த எல்லோருக்கும் தெரியும். எல்லோரும் கழுத்தை நீட்டினார்கள். நாக்கு சுத்தமாக இருந்தது. ஒரு புள்ளியும் இல்லை.

ஹமலம்போ தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தார். "ஒண்ணு சரி. ரெண்டுன்னு சொன்னியே."

"நாளைக்கு வாங்க ஐயா."

மறுநாள் இரண்டாம் நம்பர் பொரிந்திருந்தது. அந்த நாக்கிலும் புள்ளி இல்லை. அதற்கு அடுத்த நாள்தான் ஒன்றும் நாலும் பொரிந்தன, நாக்கில் மிளகு வைத்ததுபோல இரண்டிரண்டு புள்ளியோடு. முன்பே பிறந்த இரண்டு தடியன்களுக்கு அடியில் அவை நசுங்கிக் கிடந்தன. இரண்டு நாளில் போய்விட்டன.

சியாமச்சோகாவுக்கு இது பொறுக்கவில்லை. "அடுத்தவன் கன்னுக்குட்டி என் மாட்டு மடியில குடிக்கறதைப் பாத்துக்கிட்டு நிக்கச் சொல்றியா? எடுத்து வெளியே போடு."

"மாட்டேன் பெரியவரே," என்றாள் மலேலே. கல்மழையில் நனைந்த வாலை அவள் மறக்கவில்லை. "கள்ளிக்குக் கூடு கட்டத் தெரியாது, அடைகாக்கத் தெரியாது. அவளுக்குத் தெரிஞ்ச ஒரே வேலை இதுதான். கதிர்க்குருவி இன்னும் ரெண்டு தரம் இந்த மழையிலேயே இடும். அதுல ஏமாறுதான்னு பாப்போம்."

வெள்ளிக்கிழமை கூடாரம் நிறைந்திருந்தது. சமையல்காரர்கூட அடுப்பை விட்டுவிட்டு வந்து வாசலில் நின்றார். ஹமலம்போ எழுந்தார். சுற்றி வளைக்கவில்லை.

"நாற்பத்தேழாம் நம்பர்ல நான் எழுதினது தப்பு. த்வாம்போ அம்மா சொன்னது சரி. பத்து வருஷமா நான் நெறத்தைப் பாத்தேன், அளவைப் பாத்தேன். கோட்டைப் பாக்கலை." குறிப்பேட்டைத் திறந்து, எல்லோரும் பார்க்கத் தன் வரியை அடித்து, மேலே திருத்தி எழுதிக் கையெழுத்துப் போட்டார். உட்காரும்போது சேர்த்துக்கொண்டார்: "பூட்ஸைக் கழட்ட மட்டும் சொல்லாதே."

கூடாரமே குலுங்கிச் சிரித்தது. மலேலேவும் சிரித்தாள். தலைவர் எழுந்து நின்று இப்படிச் சொல்வார் என்று அவள் எதிர்பார்க்கவில்லை. இரண்டு கையையும் மெல்லத் தட்டி, முழங்காலை மடித்து வணக்கம் வைத்தாள்.

லிசேலி அதோடு விடவில்லை. மூன்று வருஷத்து முட்டைப் படங்களையும் பெட்டியோடு கொண்டுவந்து மலேலே முன்னால் கொட்டினாள். நாலு நாள் கூடாரத்தில் தரையில் உட்கார்ந்து, நானூறுக்கு மேற்பட்ட கூடுகளை அவள் பார்த்தாள். இது இன்ன தாய், இது அவளே அடுத்த வருஷம், இது ஓடைக்கரைக்காரி என்று அடுக்கினாள். கள்ள முட்டை இல்லை என்று எழுதியிருந்த பதினொரு கூட்டைத் தனியே எடுத்து வைத்தாள்.

"இதுலெல்லாம் கள்ளி வந்துட்டுப் போயிருக்கா."

அந்தப் பதினொன்றும் பொரியுமுன்பே அழிந்த கூடுகள்; உடைந்த முட்டைகளில் கிடைத்த ரத்தத்தை முன்பே எடுத்து வைத்திருந்தார்கள். ஆகஸ்டில், அந்தப் பக்கத்துக் குளிர் விடுகிற நேரத்தில், சோதனை முடிவு வந்தது. லிசேலி லுசாகாவிலிருந்து முன்சாகாவின் கைபேசிக்குக் கூப்பிட்டாள். அவன் ஓடிவந்து கொடுத்தான்.

"மச்சினி, பதினொண்ணுல பத்து சரி."

மலேலே கைபேசியைக் காதோடு அழுத்திக்கொண்டாள். "பதினொண்ணாவது எது?"

"இருபத்தாறாம் நம்பர். ஓடைக்கரை."

"அவளா. அவ கெழவி. கோடு தேஞ்சுபோச்சு அவளுக்கு. அவளோட சொந்த முட்டையையே நான் கள்ள முட்டைன்னுட்டேன், பாவம்." அப்புறம் கேட்டாள்: "உங்க மெஷின் எத்தனை தப்பு பண்ணுச்சு?"

லிசேலி அந்தப் பக்கத்தில் சிரித்த சிரிப்பு முன்சாகாவுக்கும் கேட்டது. அன்று சாயங்காலம் அவன் டிராக்டர் கொட்டகையில் இருந்த ஒவ்வொருவரிடமும் பதினொன்றில் பத்து என்று சொன்னான். என்ன பதினொன்று என்று கேட்டவர்களுக்கு முதலிலிருந்து விளக்கினான். கதிர்க்குருவி எப்படிக் கூடு தைக்கும் என்பதுவரை அவனுக்குத் தெரிந்திருந்தது.

அடுத்த மழைக்காலம் தொடங்குமுன் ஹமலம்போ தானே டாக்டருக்கு ஒரு கடிதம் எழுதினார். பெண்கள் அணி ஒன்று தனியாக வேண்டும், த்வாம்போ அம்மா தலைமையில் என்று. லிசேலி வந்து சேர்ந்தபோது அணி தயாராக இருந்தது. புகையிலை வரிசையில் மலேலேவைக் கேலி செய்த ஐந்து பேர். சோல்வே, லுயாண்டோ முதலானவர்கள். துணியை இடுப்பில் இறுக்கிக் கட்டிக்கொண்டு, ஆளுக்கொரு கோலோடு நின்றார்கள்.

ஜனவரி முதல் வாரத்தில் ஆண்கள் அணி கண்டது பத்தொன்பது கூடு. பெண்கள் முப்பத்துநாலு. சனிக்கிழமை மத்தியானம் எல்லோரும் அத்திமர நிழலில் உட்கார்ந்து, களியும் புளித்த பாலும் சாப்பிட்டார்கள்.

"மீன் இல்லாம எறங்குமா லோசி டாக்டரம்மாவுக்கு?" என்று சோல்வே சீண்டினாள்.

"பால் குடிச்சுக் குடிச்சுத்தான் உங்களுக்குக் கண்ணு இவ்வளவு கூர்மையா இருக்குபோல. ஊத்துங்க இன்னும் கொஞ்சம்," என்று கிண்ணத்தை நீட்டினாள் லிசேலி.

சாப்பிட்டுக் கை கழுவியதும் மலேலே முதலில் எழுந்தாள். வெயில் ஏறி, புல்லிலிருந்து ஈரம் ஆவியாகிக்கொண்டிருந்தது. ஆறு பெண்களும் ஒரு கை இடைவெளி விட்டு வரிசையாகத் தரிசில் இறங்கினார்கள். நாலெட்டு போவதற்குள் வலது கோடியிலிருந்து லுயாண்டோவின் குரல் கேட்டது.

"த்வாம்போ அம்மா, இங்க ஒண்ணு. மூணு முட்டை. செவப்பு."

"கோடு இருக்கா?"

புல் அசைந்தது. லுயாண்டோ முழங்காலிட்டுக் கண்ணாடியைத் திருப்பிப் பார்த்தாள்.

"ரெண்டுல இருக்கு. ஒண்ணுல இல்ல."

"எழுது," என்றாள் மலேலே, கோலை வீசிப் புல்லை விலக்கியபடி.